தண்ணீர் குடிக்காத லைன்

கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் யாரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கமில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொருத்தியும் தானாகக் கற்றுக்கொண்டுவிடுவாள். தொண்டையை நனைக்க ஒரு வாய், மாத்திரை இருந்தால் இன்னொரு வாய், அவ்வளவுதான். திருத்தணி பைபாஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லார் தோளிலும் பாட்டில் தொங்கும். சாயங்காலம் இறங்கும்போது அதே பாட்டில் அதே கனத்தோடு தொங்கும். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து அத்தனையும் குடித்துத் தீர்ப்பார்கள்.

சுஜாதா இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டியவள். வெளிநாட்டுக்குப் போகிற ஷூக்களுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி அது. பசை தடவுகிற உதவியாளாகச் சேர்ந்து, பிறகு மிஷினில் உட்கார்ந்து, இப்போது நாலாவது லைனுக்குச் சூப்பர்வைசர். அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. தன் லைன் நிற்காது. எவளாவது தவித்துப்போய் எழுந்தால், "போய்ட்டு வாடி, நான் உக்காந்துக்கிறேன்" என்று அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெண் ஓடிப் போய் ஓடி வருவாள். ஊசி நின்றது யாருக்கும் தெரியாது. நாலாவது லைனில் வேலை கிடைத்தால் புண்ணியம் என்று மற்ற லைன்காரிகள் பேசிக்கொள்வார்கள்.

பிறகு பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு மிஷினின் தலையிலும் சின்னதாக ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு விளக்கு. கழுத்தில் தொங்கும் கார்டை அதில் காட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும். ஊசி ஓடினால் பச்சை. கொஞ்ச நேரம் நின்றால் சிவப்பு. லைன் கோடியில் மாட்டியிருக்கும் பெரிய டி.வி.யில் யார் பச்சை, யார் சிவப்பு என்று பேரோடு ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் அதிகச் சிவப்பு வாங்கினவளின் போட்டோவை வாசலில் மாட்டினார்கள். கட்டிக்கொடுக்க வேண்டிய வயசுப் பெண்ணின் முகத்தைக் களவாணி முகம்போல ஊரே பார்க்க மாட்டி வைப்பதில் அவர்களுக்கு என்ன லாபமோ தெரியவில்லை.

சுஜாதா பெட்டிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். எழுந்து போகிறவள் கார்டைக் கழற்றி மிஷின்மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். சுஜாதா அவள் பெயரிலேயே உட்கார்ந்து தைப்பாள். பச்சை பச்சையாகவே இருக்கும். பெட்டியை ஏமாற்றியதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட உண்டு.

கத்திரி வெயில் தொடங்கின வாரம் அது. மேலே தகர ஷீட், கீழே பசை நாற்றம். காற்றாடி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. நஸியா காலையிலிருந்தே உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். திருத்தணி மார்க்கெட் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கும் நசருல்லாவின் மகள். நல்ல கைக்காரி. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மிஷின்மேல் சாய்ந்துவிட்டாள்.

"இன்னாடி? சூடு புடிச்சுகிச்சா?"

"எரியுதுக்கா. ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது."

"ரெண்டு பேர் தூக்குங்கடி. ரூம்ல போய்ப் படுக்க வைங்க" என்ற சுஜாதா, நஸியாவின் கழுத்திலிருந்த கார்டைத் தன் கையாலேயே உருவினாள். அதைப் பெட்டியில் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

முதலுதவி அறையிலும் ஒரு பெட்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே விரலை வைத்தால்தான் மாத்திரை கொடுப்பார்கள். ஆக, கம்பெனிக் கணக்குப்படி நஸியா ஒரே நேரத்தில் கட்டிலில் படுத்திருந்தாள், மிஷினிலும் தைத்துக்கொண்டிருந்தாள். அதிலும் படுத்துக்கொண்டே அன்றைக்கு லைனிலேயே எல்லாரையும்விட அதிகமாகத் தைத்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. உள்ளே ஆள் விஷயங்களைப் பார்க்கும் அரசு என்கிற பையன் உட்கார்ந்திருந்தான். மீசை சரியாக முளைக்காத வயசு, குரல் உயராத பேச்சு. மரியாதைக்குக் குறைவே இல்லை. அந்த மரியாதைதான் சுஜாதாவுக்கு எரிச்சலை மூட்டியது. பக்கத்தில் மேனேஜர் பக்தவச்சலம். அவர் இந்தக் கம்பெனியில் தையல் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர். சுஜாதாவுக்கு மிஷின் பழக்கியதே அவர்தான்.

"உக்காருங்க மேடம். பயப்படாதீங்க. ஒரு சின்ன க்ளாரிபிகேஷன்தான்" என்றான் அரசு.

"நான் எதுக்கு சார் பயப்படணும்?"

"நஸியா கார்டுல வேற யாரோ வேல செஞ்சிருக்காங்க. சிஸ்டம் காட்டுது. கேமராவுல நீங்க தெரியிறீங்க."

"ஆமா, நான்தான். அந்தப் பொண்ணு வலியில துடிச்சிக்கினு கெடந்துது. லைன நிறுத்தச் சொல்றீங்களா?"

"உங்க நல்ல மனசு புரியுது மேடம். ஆனா ஷூ வாங்குற பையர் கம்பெனிக்கு இந்த டேட்டாதான் போகுது. இது மோசடின்னு வரும். அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க. நஸியாவே கார்டக் குடுத்து, எனக்குப் பதிலா தைச்சிக் கணக்கு ஏத்துங்கன்னு கேட்டாங்கன்னு சொல்லிடுங்க. போன்ல ஒரு வீடியோவா எடுத்துக்குறேன். உங்களுக்கு ஒரு வார்னிங்கோட முடிஞ்சிடும்."

"அவளுக்கு?"

அரசு மேனேஜரைப் பார்த்தான். பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்தார்.

"சுஜாதா, லேபர் போனா வேற லேபர் வரும். நீ போனா லைன் நின்னுடும். உனக்கு நான் சொல்லணுமா? உன் பொண்ணு உதயாவுக்கு ட்ரெயினிங் முடியுது இல்ல? பர்மனென்ட் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கு."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர் மாதிரியே சொன்னார். சுஜாதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். விசாரணை முடிகிறவரை திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரக்கூடாது என்று நஸியாவிடம் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் நஸியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை போட்டு முகம் வெளுத்திருந்தது. சுஜாதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தான் சேர்ந்த காலத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் எந்தப் பெண்ணும் அழுதிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள், அக்கா காப்பாத்து என்று கெஞ்சியிருப்பாள். அழட்டும், தேற்றலாம் என்றுதான் சுஜாதா உட்கார்ந்தாள். நஸியா காதில் மாட்டியிருந்த இயர்போனைக்கூட ஒரு பக்கம் மட்டும்தான் கழற்றினாள்.

"அக்கா, கார்ட நீதான கழட்டின?"

"ஆங்."

"நான் கேட்டனா?"

"கேக்கல."

"அப்ப அத்த மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் உன்ன நான் கேக்கல."

"அப்படிச் சொன்னா என் வேல போயிடும்டி."

"சொல்லலன்னா என் வேல போவும். அத்தோட, திருடின்ற பேரும் வரும். எங்க நைனாவாண்ட நாலு பேர் வந்து கேப்பாங்க."

"உனுக்காகத்தான உக்காந்தேன்? நல்லது செஞ்சவளாண்ட பேசற பேச்சா இது?"

 நஸியா கழற்றியதைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நன்றி என்பது மருந்துக்கும் கிடையாது என்று சுஜாதா மனசுக்குள் கருவினாள். 

வீட்டில் புருஷன் பூபாலன் களி கிளறி, புளிச்சக்கீரை கடைந்து வைத்திருந்தான். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டிருக்கிறான். வெட்டு முடிந்துவிட்டால் வீட்டு வேலையில் பாதி அவனுடையது. உதயா முன்னாலேயே வந்து குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிகிரி முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், அதே நாலாவது லைனில் அம்மாவுக்குக் கீழேயே தைக்கிறாள். வேலை நேரத்தில் அம்மாவை அம்மா என்று கூப்பிடமாட்டாள்.

சுஜாதா செம்பை எடுத்து வாய் எடுக்காமல் குடித்தாள். பிறகு நடந்ததை எல்லாம் கொட்டினாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். சின்னப் பொண்ணு, வேற எடத்துல வேல பாத்துக்கும்" என்றான் பூபாலன், களியை உருட்டியபடியே. "நம்ம பொண்ணுக்கும் பர்மனென்ட் ஆவும்."

"எனுக்கு அந்த பர்மனென்ட் வேணாம் நைனா" என்றாள் உதயா.

"உனுக்கு எதுதான் வேணும்?" சுஜாதா திரும்பினாள். "பெல் அடிச்சா பைய தூக்கிக்கினு கெளம்பிட வேண்டியது. ஞாயித்துக்கிழம வாங்கடின்னு குரூப்ல போட்டா ஒருத்தியும் பாக்கறதில்ல. பாத்தும் பாக்காத மாதிரி கீறது. நாங்கல்லாம் இப்படியா வேல செஞ்சோம்? புள்ளத்தாச்சியா கீறப்பவும் நின்னு செஞ்சேன். உன்ன வயித்துல வெச்சிக்கினு!"

"அத்த யாரு உன்ன செய்யச் சொன்னது?"

"இன்னாடி சொன்ன?"

"யாரும்மா உன்ன உக்காரச் சொன்னது?" உதயா போனைக் கீழே வைத்தாள். "முன்ன ஒவ்வொரு லைனுக்கும் ரிலீவர்னு ஒரு ஆளு இருந்தாங்களா இல்லியா? யாராச்சும் எழுந்து போனா உக்கார்றதுக்குன்னே?"

"இருந்தா. எல்லம்மா இருந்தா. அதுக்கு இன்னா இப்ப?"

"எங்க அவங்க?"

"வயசாயி நின்னுட்டா."

"அவங்களுக்குப் பதிலா யாரப் போட்டாங்க?"

  எல்லம்மா நின்ற அன்றைக்குப் பக்தவச்சலம் வந்து, "வேற ஆள் போடற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்க சுஜாதா" என்று சொன்னது சுஜாதாவுக்கு ஞாபகம் வந்தது. பார்த்துக்கொண்டாள். அடுத்த வருஷமே மற்ற லைன்களிலும் ரிலீவரை எடுத்துவிட்டார்கள். நாலாவது லைன் ஆளில்லாமல் ஓடுகிறதே, உங்களுக்கு மட்டும் என்ன என்று மற்ற சூப்பர்வைசர்களைக் கேட்டார்கள். அந்த வருஷம்தான் அவளுக்குச் சிறந்த சூப்பர்வைசர் என்று ஷீல்டு கொடுத்தார்கள். அது இதோ ஃபிரிட்ஜ்மேல் துணி போர்த்தி நிற்கிறது.

"நீ உக்கார்ற வரைக்கும் நாங்க எழுந்து போனதே அவங்களுக்குத் தெரியாது" என்றாள் உதயா.  "அவங்களப் பொறுத்த வரைக்கும் பொம்பளைங்க ஒண்ணுக்கே போறதில்ல. நாலாவது லைன் பூரா பச்ச. அப்புறம் எதுக்கு ஆள் போடுவான்? எதுக்கு இன்னொரு கக்கூஸ் கட்டுவான்? நஸியா தண்ணி குடிக்காம ரத்தமா போறா. நீ அவ கார்ட எடுத்துப் பச்சையாக்கிக் காட்டிகினுகீற. இதுக்குப் பேரு நல்லதாம்மா?"

சுஜாதாவின் கை ஓங்கிவிட்டது. "ஏய்!" என்று பூபாலன் எழுந்தான். உதயா நகரவில்லை. அடிப்பதானால் அடி என்பதுபோல நின்றாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுஜாதா அடுப்பிலிருந்த கீரைச் சட்டியைத் தட்டிவிட்டாள். சட்டி உருண்டு கீரையெல்லாம் தரையில் சிதறியது. பெற்ற பெண்ணே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாளே என்ற கோபம்தான் அப்போது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் கேட்டதில் பொய் ஒன்றுமில்லை என்கிற கோபம் பிறகுதான் வந்தது. அதற்கு யார்மேல் பாய்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெயில் மலையைச் சுட்டு, அந்தச் சூட்டை ஊர்மேல் இறக்கியது. காவடி தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தெருக்குழாயில் தலையை நனைத்துக்கொண்டார்கள். சுஜாதா துணி துவைத்தாள், மிளகாய் காய வைத்தாள், ஒரு காரியமும் இல்லாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். மத்தியானம் கொல்லைப் பக்கம் ஒதுங்கியபோது சுருக்கென்று எரிந்தது. இது ஒன்றும் புதிதில்லை. பல வருஷமாக எரிகிறது. சீரகத் தண்ணீர், இளநீர் என்று ஏதாவது குடித்துச் சரிசெய்துகொண்டு மறுநாள் பஸ் ஏறிவிடுவாள். இன்றைக்கு என்னவோ சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எத்தனை பேர் மிஷினில் உட்கார்ந்திருக்கிறோம், நம் மூத்திரத்தை யார் அடக்க வைத்தார்கள் என்று தோன்றியதும் ஆத்திரமாக வந்தது. யாரும் கேட்காமல் தானே அடக்கிக்கொண்டதை நினைத்தபோது அந்த ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் குடத்திலிருந்து செம்பு நிறைய மொண்டு நின்றபடி குடித்தாள். இன்னொரு செம்பும் குடித்தாள்.

"இன்னாது இது, வேலைக்குப் போவல?" என்றான் பூபாலன்.

"போறேன்."

"அப்புறம் இவ்ளோ தண்ணி குடிக்கிற?"

"தாகமா கீது" என்றாள்.

பஸ்ஸில் பாட்டிலைத் திறந்து அதையும் குடித்தாள். உதயா பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தாள்.  கொஞ்ச நேரம் கழித்துத் தன் பாட்டிலைத் திறந்து அவளும் குடித்தாள்.

லைனில் நஸியாவின் மிஷின் காலி. டி.வி.யில் அவள் பெயர் காலையிலிருந்தே சிவப்பாக நின்றது. ஒரு ஆள் குறைந்ததால் வேலை பின்னால் தேங்க ஆரம்பித்தது. பக்தவச்சலம் வேகமாக வந்தார்.

"இன்னா வேடிக்க பாக்குற? அந்த மிஷின்ல உக்காரு."

"நான் சூப்பர்வைசர் சார். ரிலீவர் போடுங்க."

"ரிலீவரா? என்ன புதுசா பேசற?"

"புதுசு இல்ல சார். பழசுதான். எல்லம்மா எடத்துக்கு ஆள் போடறன்னு சொன்னீங்க. இன்னும் போடல."

அவர் பதில் சொல்லுமுன் உதயா எழுந்தாள். "நான் பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று லைனுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சுஜாதாவின் கால் தன்னிச்சையாக அந்த நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டது. அத்தனை வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சுலபமாக விடுமா? காலை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள்.

"போய்ட்டு வா. மெதுவா வா."

உதயா கார்டைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் விளக்கு சிவந்தது. அதைப் பார்த்து கடைசி மிஷினில் இருந்த அம்மையார்குப்பத்துப் பெண் எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்பவும் எழுந்து ஓடினாள். இன்னும் ரெண்டு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள். பயந்தவர்களைச் சுஜாதா கோபித்துக்கொள்ளவில்லை. போன வாரம்வரை அவளும் அங்கேதான் இருந்தாள்.

"யாராவது உக்காருங்க!" பக்தவச்சலம் கத்தினார். "ஷிப்மென்ட் இருக்குது, விளையாடறீங்களா? சுஜாதா!"

"நீங்க உக்காருங்க சார்."

"என்ன?"

"உங்களுக்குத்தான் தைக்கத் தெரியுமே. எனுக்கே நீங்கதான கத்துக் குடுத்தீங்க. உக்காருங்க."

தைத்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்தவச்சலம் போனை எடுத்தார். அடுத்த நிமிஷம் சுஜாதாவைக் கூட்டிப்போக ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

அரசு போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி ரெடியாக வைத்திருந்தான். "பேர் சொல்லி ஆரம்பிங்க மேடம். நிதானமா சொல்லுங்க."

சுஜாதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பேரு சுஜாதா. நாலாவது லைன் சூப்பர்வைசர். நஸியா கார்டக் குடுக்கல, என்னக் கேக்கவும் இல்ல. அது வலியில துடிச்சிக்கினு கெடந்தப்ப அது கழுத்துலேருந்து நான்தான் கழட்டினேன். அது கார்டு மட்டும் இல்ல, லைன்ல எல்லார் கார்டும் நான் எடுத்துத் தைச்சிருக்கேன். ஏன்னா ரிலீவர் இல்ல. ஒண்ணுக்குப் போனா செவப்பு வருது. செவப்பு வந்தா போட்டோ மாட்டறீங்க. அதனால அதுங்க தண்ணி குடிக்கிறதில்ல. நானும் குடிக்கல. நஸியாவுக்கு ரத்தமா போறதுக்கு நீங்களும் காரணம், நானும் காரணம்."

அரசு அவசரமாகப் போனைத் தொட்டு நிறுத்தினான்.

"மேடம், இப்படிச் சொன்னீங்கன்னா உங்க மேலதான் ஆக்ஷன் எடுக்கணும். உங்க பொண்ணையும் யோசிங்க. இன்னொரு தடவ எடுத்துக்கலாமா?"

"எத்தினி தபா எடுத்தாலும் இதான் தம்பி வரும்."

இத்தனை நாளாக அவனைச் சார் என்று கூப்பிட்டவள் தம்பி என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எங்க போறீங்க மேடம்? இன்னும் முடியல. மேல ஃபோன் பண்ணியிருக்கேன், திரும்பக் கூப்பிடுவாங்க. உக்காருங்க."

"ஒண்ணுக்கு."

அவன் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். காதுமடல் சிவந்துவிட்டது. இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் அந்தச் சொல் அவன் அறைக்குள் வந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சுஜாதா லைன் வழியாகத்தான் போனாள். டி.வி.யில் பச்சைக்கு நடுவே அங்கங்கே சிவப்பு. உதயா திரும்பி வந்து தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கடந்து போகும்போது நிமிர்ந்து பார்த்தாள். சுஜாதா நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது. அழுகிற நாள் இது இல்லை.

கக்கூஸ் வாசலில் எழுந்து வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவளுக்கு வழிவிட ஒதுங்கினார்கள். "என் முறைக்கு வரேன், நில்லுங்கடி" என்று கடைசியில் போய் நின்றாள். முறை வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் இந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதாகவே அவளுக்கு ஞாபகமில்லை. எரியத்தான் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. "நாலாவது லைன் சூப்பர்வைசர் சுஜாதா, உடனே ஆபீசுக்கு வரவும்." கொஞ்சம் விட்டு மறுபடியும், "சுஜாதா, உடனே ஆபீசுக்கு வரவும்." குரலில் அவசரம் ஏறிக்கொண்டே போயிற்று.

கூப்பிடட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.